தோட்டத்து ரயில்: தண்டவாளமும் பாயிண்டும் தேர்ந்தெடுப்பது எப்படி?

(கடலூர், சிதம்பரம் பகுதி அறிவியல், கணித ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளித் தோட்டத்தில் ஒரு சிறிய மாதிரி ரயில்பாதை இருந்தால் அளவுவிகிதம், வெப்ப விரிவு, மின்தடை, வட்டக்கோணம் என்று நான்கு பாடங்களை ஒரே இடத்தில் நடத்திவிடலாம். ஆனால் இரண்டாவது மாதமே வண்டி தடம்புரளத் தொடங்கினால் பிள்ளைகளின் ஆர்வம் வடிந்துவிடும்; அரும்பாடுபட்டுத் திரட்டிய நிதியும் வீணாகும். வெளியில் ஓடும் மாதிரி ரயிலில் தொல்லை பெரும்பாலும் எஞ்சினில் வருவதில்லை. தண்டவாள இணைப்பிலும் பாயிண்டிலும்தான் வருகிறது. ஆகவே வண்டியைப் பார்க்கும் முன் பாதையைப் பார்ப்போம்.

முதலில் அகலம். தோட்ட ரயிலுக்கு உலகெங்கும் பரவலாக உள்ள தண்டவாள அகலம் 45 மி.மீ. ஜெர்மனியின் எல்ஜிபி நிறுவனம் 1968-இல் இதை 1:22.5 அளவில் அறிமுகப்படுத்தியது. 45-ஐ 22.5-ஆல் பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 1,000 மி.மீ., அதாவது மீட்டர்கேஜ்! கடலூர், சிதம்பரம் வழியாக நம் பெற்றோர் பயணம் செய்த பாதை அதுதான். விழுப்புரம்–மயிலாடுதுறைப் பாதை 2010-இல் பிராட்கேஜாக மாறிய பிறகு அகலம் 1,676 மி.மீ. ஆனது. அதே 45 மி.மீ. தண்டவாளத்தில் இன்றைய வண்டியை ஓட்ட வேண்டுமானால் அளவு என்னவாக இருக்க வேண்டும்? 1,676-ஐ 45-ஆல் வகுத்தால் விடை ஏறத்தாழ 1:37. ஏழாம் வகுப்பு மாணவரே கண்டுபிடித்துவிடுவார்.

அடுத்து உலோகம். கடலூரில் உப்புக்காற்று, வடகிழக்குப் பருவமழை வேறு. இரும்புத் தண்டவாளம் இங்கே நிலைக்காது. பித்தளை கறுக்கும், ஆனால் அரித்துப்போகாமல் பல ஆண்டுகள் உழைக்கும். மின்சாரமும் நன்றாகக் கடத்தும். அவ்வப்போது மேற்பரப்பைத் துடைத்தால் போதும். துருப்பிடிக்காத எஃகு பளபளப்பாகவே இருக்கும். ஆனால் அதன் மின்தடை எண் பித்தளையைப்போல் சுமார் பத்து மடங்கு. நீண்ட பாதையின் கடைசியில் வண்டி திணறும். பல இடங்களில் மின்கம்பி இணைக்க வேண்டியிருக்கும். எஞ்சினுக்குள்ளேயே பேட்டரி வைத்து ஓட்டினால் தண்டவாளம் மின்சாரத்தைச் சுமக்க வேண்டியதில்லை. அப்போது விலை குறைந்த அலுமினியமும் போதும்.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். பித்தளையின் நீள் வெப்ப விரிவு குணகம் ஒரு டிகிரி செல்சியஸுக்கு 0.000019. காலையில் 25 டிகிரியில் உள்ள 10 மீட்டர் பாதை, மே மாத நண்பகலில் 60 டிகிரிக்குச் சூடேறினால் 6.65 மி.மீ. நீளும். அலுமினியம் என்றால் 8 மி.மீ. இடைவெளி விடாமல் இறுக்கிவிட்டால் பாதை பாம்பாய் வளையும். எனவே தண்டவாளத்தைத் தரையோடு ஆணி அடித்துப் பிணைக்காதீர்கள்; ஜல்லியில் மிதக்க விடுங்கள். உருண்டைக் கூழாங்கல் உருண்டோடும். உடைத்த கருங்கல் சிறுஜல்லிதான் ஒன்றையொன்று கவ்வி நிற்கும். சிதம்பரம் பக்கத்துக் களிமண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அங்கே அரையடி உயரத்தில் செங்கல் மேடை கட்டி அதன்மேல் ஜல்லி பரப்புங்கள். கடலூர் மணலில் நீர் வடிந்துவிடும். மணல் சரியாமல் இருபுறமும் செங்கல் வரிசை வைத்தால் போதும்.

இனி பாயிண்ட். வளைவு எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது. எல்ஜிபியின் மிகச் சிறிய வளைவு 600 மி.மீ. ஆரம்; ஒரு துண்டு 30 டிகிரி, 12 துண்டு ஒரு வட்டம். 1,195 மி.மீ. ஆரத்தில் ஒரு துண்டு 22.5 டிகிரி, 16 துண்டு ஒரு வட்டம். இடம் இருந்தால் இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள். குறுகிய பாயிண்டில் நீளமான பெட்டிகள் இழுபடும்.

பாயிண்டை வாங்கும் முன் மூன்று சோதனைகள் செய்யுங்கள். ஒன்று, நகரும் நாக்கைப் பக்கத் தண்டவாளத்தோடு சேர்த்து, இடையில் ஒரு மெல்லிய காகிதத்தை வைத்து இழுங்கள். காகிதம் எளிதாக உருவி வந்தால் அந்தப் பாயிண்ட் வேண்டாம். இரண்டு, ஒரு வெறும் பெட்டியைக் கையால் இரு வழியிலும் மெதுவாகத் தள்ளுங்கள்; தண்டவாளங்கள் குறுக்கிடும் இடத்தில் சக்கரம் பள்ளத்தில் விழக் கூடாது. மூன்று, நாக்கை நகர்த்தும் கருவியைத் திறந்து மணலையும் வேப்பஞ்சருகையும் துடைக்க முடிய வேண்டும். மழையில் நனையும் மின்மோட்டாரைவிடக் கையால் இயக்கும் பாயிண்டே பள்ளிக்கு ஏற்றது. எண்ணிக்கையும் குறைவாக இருக்கட்டும். தொடக்கத்தில் ஒரே ஒரு பாயிண்ட் போதும்.

அந்த ஒரு பாயிண்ட் கற்பிக்கக்கூடிய பாடம் பெரிது. 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பஹாநகா பஜார் நிலையத்தில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனில் செல்லப் பச்சை சிக்னல் கிடைத்தது. பாயிண்டோ லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. அங்கே நின்ற சரக்கு ரயிலில் மோதி நேர்ந்த விபத்தில் 290-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பாயிண்ட் உண்மையில் எங்கே இருக்கிறதோ அதைத்தான் சிக்னல் சொல்ல வேண்டும். அந்தப் பிணைப்புக்குப் பெயர் இன்டர்லாக்கிங். நம் மாவட்டத்துச் செம்மங்குப்பத்தில் 2025 ஜூலை 8 அன்று பள்ளி வேன்மீது ரயில் மோதி மூன்று மாணவர்களை இழந்தோம். அது சிக்னலோடு இன்டர்லாக் செய்யப்படாத கேட். இன்டர்லாக் இருந்தால், கேட் மூடிப் பூட்டிய பிறகே ரயிலுக்குப் பச்சை விழும்.

இதை நம் தோட்டத்தில் செய்து காட்டலாம். பாயிண்டின் நாக்கு முழுவதும் சேர்ந்தால் அழுந்தும்படி ஒரு சிறு சுவிட்ச். கேட் மூடினால் அழுந்தும்படி இன்னொன்று. இரண்டையும் தொடரிணைப்பில் ஒரு பேட்டரி, ஒரு பச்சை எல்இடியோடு சேர்த்துவிடுங்கள். இரண்டும் சரியாக இருந்தால்தான் பச்சை எரியும். சிறு வகுப்புக்கு இது தொடர்ச்சுற்று. மேல்வகுப்புக்கு 'ஆண்ட்' லாஜிக் கேட். ஒன்றை மறவாதீர்கள்: சுவிட்சை நெம்புகோலில் பொருத்தாதீர்கள், நாக்கிலேயே பொருத்துங்கள். நெம்புகோல் நகர்ந்தும், இடையில் சிக்கிய ஒரு கல்லால் நாக்கு சேராமல் நிற்கலாம். ஆகவே, நாக்குகளை இணைக்கும் சட்டம் வெளியே நீண்டிருக்கும் பாயிண்டாகப் பார்த்து வாங்குங்கள்.

வாரம் ஒருநாள், 45 மி.மீ. அளவில் வெட்டிய மரத்துண்டைத் தண்டவாளங்களுக்கு இடையே நகர்த்தி அகலம் சரிபார்ப்பதையும், நாக்கிலுள்ள மணலைத் துடைப்பதையும் ஒரு மாணவர் குழுவிடம் ஒப்படையுங்கள். பார்த்ததைக் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிடட்டும். பச்சை விளக்கு எரிந்தாலும், பாயிண்டைக் கண்ணால் பார்த்த பிறகே வண்டியை விடும் பழக்கம் அவர்களுக்கு வரட்டும். நம் பிள்ளைகள் பலர் தினமும் ரயில்வே கேட்டைக் கடந்துதான் பள்ளிக்கு வருகிறார்கள். அங்கும் இருபுறமும் பார்த்துக் கடக்கும் பழக்கத்தை இந்தப் பாதை தந்தால், அதற்குச் செலவிட்ட ஒவ்வொரு ரூபாயும் தகும்.