காலிலிருந்து தொடங்குக

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம் பழமொழி. படிப்பை முடித்து முதல் வேலைக்குச் செல்லும் இளைஞர் பலர் அந்த ஆடைப் பாதியைச் சீர்செய்ய விரும்புகின்றனர். விருப்பம் நல்லதே. ஆனால் கைப்பணமோ சிறிது, கடைவீதியோ பெரிது. நாலைந்து சட்டைகளை வாங்கிவிட்டு, எஞ்சிய பணத்தில் ஏதோ ஒரு காலணியை வாங்குவதே பெரும்பாலோர் வழக்கம். அந்த வரிசையை மாற்றி, காலிலிருந்து தொடங்குங்கள் என்று சொல்லவே வந்திருக்கிறேன்.

காரணம் எளியது. சட்டை பொருந்தாவிட்டால் பார்ப்பவர் கண்ணுக்குத்தான் குறை. காலணி பொருந்தாவிட்டால் நம் நடையே கெடும். நடை தளர்ந்தவனுக்குப் பட்டாடையும் எடுப்பாக இராது.

நல்ல காலணியை எப்படி அறிவது? திருப்பி அடிப்பகுதியைப் பாருங்கள். சிலவற்றில் அடி வெறும் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். அது தேய்ந்தால் பெரும்பாலும் காலணியையே எறிய நேரும். வேறு சிலவற்றில் மேல்தோலைச் சுற்றி ஒரு தோற்பட்டையைத் தைத்து, அப்பட்டையோடு அடியைத் தைத்திருப்பார்கள். இதற்கான இயந்திரத்தை 1870களில் அமெரிக்காவில் பரப்பியவர், ரப்பர் ஆராய்ச்சியால் புகழ்பெற்ற சார்லஸ் குட்இயரின் மகன். ஆகவே இம்முறைக்குக் ‘குட்இயர் வெல்ட்’ என்று பெயர். அடி தேய்ந்தால் தையலைப் பிரித்துப் புது அடி தைக்கலாம். மேல்தோலுக்கு ஊறு நேராது. இருமடங்கு விலையுள்ள பொருள் மும்மடங்கு காலம் உழைத்தால் எது மலிவு? கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

வாங்குவதற்கு மாலை நேரமே ஏற்றது. பகலெல்லாம் நடந்த பாதம் மாலையில் சற்றே பருத்திருக்கும். இரு கால்களிலும் அணிந்து, எழுந்து நின்று, நடந்து பாருங்கள். பலருக்கு இரு பாதங்களும் ஒரே அளவாக இரா. பெரிய பாதத்திற்கு ஏற்றதையே எடுக்கவேண்டும். ஆங்கில அளவு முறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வேறுபாடு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதாவது ஒரு வாற்கோதுமை மணியின் நீளம். அந்த ஒரு மணி அளவுதான் சுகத்துக்கும் கொப்புளத்துக்கும் இடையே நிற்கிறது!

ஒரு ஜோடிதான் வாங்க முடியுமென்றால், அலுவலகத்திற்கு ஏற்ற, கயிறு கட்டும் கறுப்புக் காலணியைத் தேர்ந்தெடுங்கள். பிறகு அதே நிறத்தில் ஓர் இடைவார், அதன்பின் காலணிமேல் அளவாக வந்து விழும் கால்சட்டை, கடைசியாகச் சட்டைகள். முதல் பொருளை ஆராய்ந்து வாங்கிய கண், மற்றவற்றிலும் தையலையும் அளவையும் தானே தேடும். மழையில் நனைந்தால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும்.

இனி, இவையனைத்தினும் முக்கியமான ஒன்று. காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் செருப்புத் தைக்கக் கற்றார். தாம் தைத்த ஒரு ஜோடியை, தம்மைச் சிறையிலிட்ட ஆட்சியின் அமைச்சர் ஸ்மட்ஸுக்கு 1914ஆம் ஆண்டில் பரிசளித்தார். ஸ்மட்ஸ் அதைப் பல கோடைகளில் அணிந்தார். காந்தியடிகளின் எழுபதாம் பிறந்தநாளையொட்டி, 1939ஆம் ஆண்டில், அதைத் திருப்பி அனுப்பினார். அத்தகைய பெரியவர் தைத்ததை அணியும் தகுதி தமக்கு உண்டா என்றும் அவர் ஐயுற்றார். பகையையும் கரைத்தது, கருத்தோடு தைத்த ஒரு செருப்பு.

ஆகவே, கடன் வாங்கிக் காலை அழகு செய்யாதீர்கள்; பிறர் காலைப் பார்த்து அவர்தம் மதிப்பை அளக்காதீர்கள். உங்களைப் படிக்கவைத்த தந்தையார் வெறுங்காலோடு வரப்பில் நடந்தவராக இருக்கலாம். தெருவோரத்தில் அமர்ந்து உங்கள் காலணியைத் தைத்துத் தருபவரிடம் பேரம் பேசுமுன், அவர் கைத்திறனை ஒரு கணம் நின்று பாருங்கள். அப்பார்வை வாய்த்தவனே உண்மையில் நன்றாக உடுத்தவன்.