வெள்ளம் தாங்கும் நெல் எதுவரை தாங்கும்?

"மூழ்கினாலும் சாகாத நெல் வந்துட்டுதே, இனி மழைக்கு எதுக்குப் பயம்?" என்று டெல்டாப் பக்கத்தில் பலர் கேட்கிறார்கள். சி.ஆர். 1009 சப்-1 ரகத்தைத்தான் சொல்கிறார்கள். நல்ல ரகம்தான், மறுக்கவில்லை. ஆனால் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று தெரிந்துகொண்டு நடவேண்டும்.

இந்தக் குணம் ஒடிசாவின் எப்.ஆர். 13 ஏ என்ற பழைய நெல்லிலிருந்து வந்தது. சாதாரண நெல் மூழ்கினால், தலையை வெளியே நீட்டப் பார்த்து மளமளவென்று நீளும். கையிருப்புச் சத்தெல்லாம் அதிலேயே தீர்ந்து, தண்ணீர் வடிந்ததும் துவண்டு விழும். சப்-1 ரகமோ வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, இருப்பைச் செலவழிக்காமல் பேசாமல் கிடக்கும். வடிந்தபின் மறுபடி துளிர்க்கும். ஆனால் கெடு பத்து நாள், மிஞ்சினால் இரண்டு வாரம். தண்ணீர் கலங்கலாக இருந்தால் அதுவும் குறையும். நட்டு வேர்பிடிக்காத இளநாற்றுக்கு இன்னும் ஆபத்து.

இதெல்லாம் தூர்கட்டும் பருவத்துக்குச் சொன்னது. கதிர் முற்றிய பிறகு? 2021 ஜனவரியிலும், 2023 பிப்ரவரி தொடக்கத்திலும் பெய்த மழையை நினைத்துப் பாருங்க. அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. அங்கே சப்-1 என்ன செய்யும்?

பூமி சூடேற ஏறக் காற்று அதிக ஈரத்தைச் சுமக்கிறது; கொட்டினால் ஒரேயடியாகக் கொட்டுகிறது. கடல் மட்டமும் உயர்கிறது. அப்போது கடைமடையில் வெள்ளம் கடலுக்குள் இறங்கத் தாமதமாகும், நிலத்தில் உப்பும் ஏறும். உப்பைத் தாங்குவதற்காக வந்த ரகமல்ல இது.

ஆகையால், விதை வாங்கியாச்சு என்று வடிகாலை மறந்துவிடாதீங்க. ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்த வாய்க்காலில் இரண்டு நாளில் வடியவேண்டிய தண்ணீர் பதினைந்து நாள் நிற்கும். அப்புறம் எந்த ரகமும் ஒன்றுதான். உங்கள் வயல் தண்ணீர் பக்கத்து வயலைத் தாண்டித்தான் போகவேண்டும். ஒருத்தர் மட்டும் வெட்டிப் பயனில்லை. ஐப்பசி அடைமழைக்கு முன்பே ஊர் கூடிச் செய்யவேண்டிய வேலை இது. வரப்புத் தகராறை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்!

இது ஏறக்குறைய 155 நாள் பயிர். தண்ணீர் வசதிப்பட்டால் ஆகஸ்டிலேயே நாற்றுவிட்டு, மழைக்குமுன் வேர்பிடிக்க வையுங்கள். மூழ்கிய வயல் வடிந்த அன்றே யூரியா வீசவேண்டாம். ஐந்தாறு நாள் பொறுத்து, புதுத்துளிர் கண்டபின் போடுங்கள்.