தூக்குமேடை கட்டியவர்கள் யார்?



முறையான வன்முறைக்குத் தனியுரிமை கோரும் அமைப்பே அரசு என்று 1919இல் மாக்ஸ் வெபர் வரையறுத்தார். அந்தத் தனியுரிமைக்கு முறைமையை வழங்கியது யார் என்று கேட்பதே அரசின்மைவாதம். அதாவது, மேலிருந்து ஆணையிடும் அதிகாரம் இன்றியே மனிதர் தாமாகக் கூடி வாழ முடியும் என்னும் கொள்கை. அதை அவருக்கு முன்பே கேட்டவர்களுக்குச் சிகாகோ நகரம் தூக்குமேடையில் விடை சொன்னது.

எட்டு மணி நேர வேலைநாள் கேட்டு 1886 மே 1 அன்று தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். மே 3 அன்று மெக்கார்மிக் ஆலை வாயிலில் காவலர் சுட்டதில் தொழிலாளர் மாண்டனர். அதைக் கண்டித்து மறுநாள் இரவு ஹேமார்க்கெட்டில் கூடிய கூட்டத்தை மேயர் கார்ட்டர் ஹாரிசனே நேரில் வந்து கேட்டு, அமைதியாகவே நடக்கிறது என்று காவல்துறையிடம் சொல்லிவிட்டுப் போனார். கூட்டம் கரைந்துகொண்டிருந்த வேளையில்தான் காவலர் அணிவகுத்து வந்தனர், குண்டு வெடித்தது, துப்பாக்கிகள் முழங்கின. காவலர் ஏழு பேரும் பொதுமக்களில் குறைந்தது நால்வரும் இறந்தனர். குண்டெறிந்தவர் யார் என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. ஆயினும் எட்டு அரசின்மைவாதிகள் கூண்டில் ஏற்றப்பட்டு, அவர்களுடைய எழுத்தும் பேச்சுமே எறிந்தவரைத் தூண்டின என்ற வாதத்தின்மேல் எழுவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஆல்பர்ட் பார்சன்ஸ், ஆகஸ்ட் ஸ்பைஸ், அடால்ஃப் பிஷர், ஜார்ஜ் எங்கல் ஆகிய நால்வர் 1887 நவம்பர் 11 அன்று தூக்கிலிடப்பட்டனர். நீதிபதி நடுநிலை தவறினார், நடுவர் குழு திட்டமிட்டுப் பொறுக்கப்பட்டது என்று 1893இல் எழுதி, உயிரோடு எஞ்சிய மூவரை விடுவித்தவர் வேறு யாரும் அல்லர், சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தின் ஆளுநர் ஆல்ட்கெல்ட்.

இவ்வளவும் சொல்லி மறுபக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. டைனமைட்டைப் புகழ்ந்த சிகாகோ அரசின்மைவாதிகளுடைய இதழ்கள் அரசுத் தரப்புக்குக் கயிறு திரித்துக் கொடுத்தன. அடுத்து வந்தோர், ஆட்சியாளரைக் கொன்று மக்களை எழுப்பலாம் என்னும் ‘செயல்வழிப் பரப்புரை’யை நம்பி, 1894இல் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் கார்னோவையும் 1900இல் இத்தாலிய மன்னர் உம்பெர்த்தோவையும் கொன்றனர். எந்த அரசும் விழவில்லை. அமெரிக்க அதிபர் மெக்கின்லி 1901இல் அரசின்மைவாதி ஒருவரால் சுடப்பட்டு இறந்தபின், அரசின்மைவாதிகள் அமெரிக்காவுக்குள் நுழையவே 1903இல் சட்டம் தடை விதித்தது. மன்னரைக் கொல்வதால் மன்னரை உண்டாக்கும் ஏற்பாடு அழியாது என்று உம்பெர்த்தோ கொலையை ஒட்டி டால்ஸ்டாய் எழுதியதே கொள்கைக்கு நெருக்கமானது. கொலை செய்தவர்களோ, தாம் மறுத்த அதிகாரத்தின் கருவியையே கையில் எடுத்தனர்.

சிகாகோ நிகழ்வுகளின் நினைவாக எழுந்த மே நாளைச் சிங்காரவேலர் 1923இல் சென்னையில் கொண்டாடியது முதல் இங்கும் ஆண்டுதோறும் கொடி ஏறுகிறது. ஏற்றுகிற சங்கங்கள் சிகாகோவில் மாண்டவர்களைத் தியாகிகள் என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், அவர்கள் அரசின்மைவாதிகள் என்பதையும் மேடையிலேயே சொல்ல வேண்டும்.