சாவு வீட்டுப் பாட்டும் ராயபுரத்து இசைவாணியும்

(நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் ஏரியாக் கலைஞர் ஒருவரைப் பற்றி ஒரு பதினைந்து நிமிடம் பேசச் சொன்னார் செயலாளர். நான் சங்கீதம் படித்தவன் இல்லை. பி.காம். முடித்து வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். ஆனால் ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் இடையிலேயே அறுபது வருடத்துக்கு மேல் ஓட்டியவன். அந்த உரிமையில் கானா பாடகி இசைவாணியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பேசி முடிக்கும்போது உங்களிடம் இரண்டு கோரிக்கை வைப்பேன். ஆண்டு விழா வருகிறது, அதனால்தான்.

இசைவாணி என்றதும் உங்களில் பலருக்கு 2021-இல் வந்த பிக் பாஸ் ஐந்தாவது சீசன்தான் ஞாபகம் வரும். அதற்கு முந்தைய வருடமே, 2020-இல், பி.பி.சி. நிறுவனம் உலகம் முழுவதிலுமிருந்து நூறு பெண்களைத் தேர்ந்தெடுத்து வெளியிட்ட பட்டியலில் அவர் பெயர் இருந்தது. பின்லாந்தின் அன்றைய பிரதமர் சன்னா மரின், நம் நாட்டு பாரா பாட்மின்டன் வீராங்கனை மானசி ஜோஷி ஆகியோர் இடம்பெற்ற அதே பட்டியல். ராயபுரத்துப் பெண் ஒருவர் கானா பாடி அந்தப் பட்டியலுக்குப் போனார். அன்றைக்கு நம் வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர் லாரி எப்போது வரும் என்பதுதான் பேச்சு. குறை சொல்லவில்லை, தண்ணீரும் முக்கியம்தான்.

அவர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று புரிய வேண்டுமானால், கானா எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ராயபுரம் ரயில் நிலையம் 1856-இல் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்துதான் கிளம்பியது. அப்புறம் துறைமுகம், பின்னி மில், ரயில்வே பட்டறைகள், சுதந்திரத்துக்குப் பிறகு எண்ணூர், மணலித் தொழிற்சாலைகள் என்று வேலை பெருகப் பெருக, சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து ஜனங்கள் வந்து குவிந்தார்கள். மூட்டை தூக்கினார்கள், கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கினார்கள், கரி அள்ளினார்கள். அவர்களோடு ஊர்ப் பாட்டும் வந்தது. கடற்கரை மீனவர் பாட்டும், தர்காவில் பாடிய பாட்டும், சித்தர் பாட்டும் அதோடு சேர்ந்தன. தண்டையார்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே தொண்டியிலிருந்து வந்த குணங்குடி மஸ்தான் சாகிபு, அதாவது 'தொண்டியார்', இங்கே வாழ்ந்ததால்தான் என்று சொல்வார்கள். அவருடைய பாடல்களிலிருந்துதான் கானா கிளைத்தது என்று சொல்லும் மூத்த பாடகர்களும் உண்டு.

வாத்தியத்துக்குக் காசு கிடையாது. கையில் கிடைத்ததே தாளம். பானை, தகர டின், அதுவும் இல்லையென்றால் தீப்பெட்டி. திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை இருந்தது. இன்று மெட்ரோ ஸ்டேஷனுக்கே அந்தப் பெயர்தான். தீப்பெட்டி செய்த ஊரிலேயே தீப்பெட்டியைத் தட்டிப் பாடினார்கள். கொஞ்சம் வசதி வந்ததும் டோலக், டேப்பு, புல்புல்தாரா சேர்ந்தன.

கானாவுக்குப் பெரிய மேடை சாவு வீடு. ஒருவர் இறந்தால் மறுநாள் எடுக்கும்வரை பிணத்தோடு விழித்திருக்க வேண்டும். பகலில் பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைப்பார்கள். இரவில் ஆண்கள் சுற்றி உட்கார்ந்து கானா பாடுவார்கள். செத்தவர் யார், எப்படி உழைத்தார், யாரை விட்டுப் போகிறார் என்று அந்த இடத்திலேயே கட்டிப் பாடுவதுதான் திறமை. நடுவில் கிண்டலும் வரும், தத்துவமும் வரும். விடிய விடியப் பாடினால் அந்த வீட்டுக்காரர்களுக்கு அந்த ஒரு இரவு கடந்துவிடும். செய்தித்தாளில் இரங்கல் விளம்பரம் கொடுக்க வசதி இல்லாத வீட்டில், செத்தவரின் வாழ்க்கையை நாலு பேர் முன்னால் சொல்லிவைக்க அந்தப் பாட்டைத் தவிர வேறு வழி இல்லை.

இதே மாதிரி ஒரு கதை அமெரிக்காவிலும் உண்டு. தெற்கே பருத்திக் காட்டில் வேலை செய்த கறுப்பின மக்கள் சிகாகோ தொழிற்சாலைகளுக்கு வந்தபோது தங்கள் ப்ளூஸ் பாட்டையும் கொண்டு வந்தார்கள். அவர்களில் லிட்டில் வால்டர் என்று ஒருவர். 1930-இல் லூசியானாவில் பிறந்தார். சட்டைப் பைக்குள் அடங்கும் மவுத் ஆர்கன்தான் அவர் வாத்தியம். சிகாகோ மேக்ஸ்வெல் தெருச் சந்தையில் நின்று வாசித்தார். சந்தை இரைச்சலிலும் கிட்டார் சத்தத்திலும் மவுத் ஆர்கன் எடுபடவில்லை. மலிவான மைக் ஒன்றை வாத்தியத்தோடு சேர்த்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டு ஊதினார். ஒரு புது சத்தமே பிறந்தது. 1952-இல் அவர் வாசித்த 'ஜூக்' என்ற இசைத்தட்டு அந்த வகைப் பாட்டுகளின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 37 வயதில், 1968-இல், ஒரு சண்டைக்குப் பிறகு இறந்துபோனார். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற பெரிய கௌரவம் அவருக்குக் கிடைத்தது 2008-இல். செத்து 40 வருடம் கழித்து! மவுத் ஆர்கன் பழகும் பிள்ளைகள் யூடியூபில் அவரைக் கேட்டுப் பாருங்கள்.

நம் ஊருக்கு வருவோம். தொண்ணூறுகளில் இசையமைப்பாளர் தேவா கானாவை சினிமாவில் பெரிய அளவில் கொண்டுவந்தார். 2006-இல் 'சித்திரம் பேசுதடி' படத்தில் மீன்களுக்குக் கல்யாணம் பண்ணிவைத்துப் பாடினார் கானா உலகநாதன். நம் வீட்டுக் கல்யாணங்களிலும் அதற்கு ஆடினோம். 2012-இல் 'அட்டகத்தி' மூலம் கானா பாலா புகழ் பெற்றார். அவர் வழக்கறிஞருக்குப் படித்தவர். கவனித்துப் பாருங்கள், நான் சொன்னது எல்லாமே ஆண்களின் பெயர்.

இதில் ஒரு பெண் நுழைவது எப்படி? இசைவாணியின் தந்தையும் இசைக் கலைஞர். சிறு வயதிலேயே மேடை ஏறிய இசைவாணி முதலில் பாடியது சினிமாப் பாட்டுகள்தான். மெல்லிசைக் கச்சேரியில் பெண் குரல் என்றால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கானா அப்படி இல்லை. அது நடக்கும் நேரம் இரவு, இடம் தெரு, சுற்றி இருப்பது ஆண்கள், பாதிப் பேர் குடித்திருப்பார்கள். பொம்பளைப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்றுதான் ஊர் கேட்கும். இதைவிட வேடிக்கை, சாவுக்கு அழுது பாடும் ஒப்பாரி பெண்களுடையது. அதே சாவு வீட்டில் இரவுப் பாட்டு மட்டும் அவர்களுக்கு இல்லை என்று ஆகிவிட்டது.

இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற இசைக்குழுவைத் தொடங்கினார்கள். அயோத்திதாசப் பண்டிதர் நூறு வருடத்துக்கு முன்னால் சொன்ன 'சாதி பேதமற்ற தமிழர்' என்பதிலிருந்து எடுத்த பெயர். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி. மேடையில் 19 பேர். அதில் ஒரே பெண் இசைவாணி. எல்லோரும் கோட்டு சூட்டு போட்டு நின்று, கானாவை கிட்டாரோடும் ராப்போடும் சேர்த்துப் பாடினார்கள். டிக்கெட் வாங்கி சபாவுக்குப் போகிறவர்களும் அன்றைக்கு வந்து கேட்டார்கள். பாட்டு பழைய பாட்டு மாதிரிதான். உடையும் இடமும் மாறியதும் கேட்பவர்களின் மரியாதையும் மாறிவிட்டது. இதை நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

2024 நவம்பரில் அவர் சில வருடங்களுக்கு முன் பாடிய ஒரு பாட்டின் பேரில் பெரிய சர்ச்சை எழுந்ததும் உங்களுக்குத் தெரியும். அந்தப் பாட்டைப் பற்றி இந்த அரங்கில் இரண்டு கருத்து இருக்கும். இருக்கட்டும். ஆனால் அதற்காக ஒரு பெண்ணுக்குப் போன் போட்டுக் கேவலமாகப் பேசுவதை இங்கே இருக்கும் யாரும் சரி என்று சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இனி என் கோரிக்கைகள்.

முதலாவது. போன மாதம் பின் தெருவில் ஒரு சாவு. இரவு முழுக்கப் பாட்டு. நம் குழுவில் போலீஸுக்குப் போன் பண்ணலாமா என்று செய்தி மேல் செய்தி. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருந்தார்கள், இதய நோயாளிகள் இருக்கிறார்கள். அந்தக் கஷ்டம் உண்மை. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்பது சட்டம். கல்யாணத்துக்கும், கோயில் திருவிழாவுக்கும், நம் புத்தாண்டு பார்ட்டிக்கும் அதே சட்டம்தான். ஆகவே, ஸ்பீக்கர் வைத்தால் நம் கமிட்டியிலிருந்து இரண்டு பேர் நேரில் போய், முதலில் துக்கம் விசாரித்துவிட்டு, "ஸ்பீக்கரை மட்டும் நிறுத்திக்கோங்க, பாடுங்க" என்று கேட்கலாம். நம் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி தம்பிகளும், வீட்டு வேலைக்கு வரும் அக்காக்களும் அந்தத் தெருக்காரர்கள்தான். துக்க வீட்டுக்குப் போலீஸை அனுப்பிவிட்டு, மறுநாள் காலை அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

இரண்டாவது. ஆண்டு விழாவுக்கு வழக்கமாக மெல்லிசைக் குழு வைக்கிறோம். இந்த முறை ஒரு மணி நேரம் நம் பகுதிக் கானாக் குழுவுக்கு ஒதுக்குங்கள். "லோக்கல் பசங்கதானே, கொஞ்சம் குறைத்துக் கொடுக்கலாம்" என்று பேரம் வேண்டாம். மெல்லிசைக் குழுவுக்கு மணிக்கணக்கில் என்ன கொடுக்கிறோமோ அதே கணக்கு. பாதிப் பணம் முன்பணமாக, மீதி அன்று இரவே, வவுச்சரில் கையெழுத்து வாங்கி, வங்கிக் கணக்கில். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கவுண்டரில் உட்கார்ந்த காலத்தில் எத்தனையோ வாத்தியக்காரர்கள் லோன் கேட்டு வந்து, சம்பள சர்டிபிகேட் இல்லாமல் திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன். கையில் வாங்கிய காசுக்குச் சாட்சி இல்லை. கணக்கில் ஏறினால் அதுவே சாட்சி. தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் என்றும் ஒன்று இருக்கிறது. அதில் சேர விரும்பும் கலைஞர்களுக்கு விவரம் விசாரிக்கவும் படிவம் நிரப்பவும் நான் உட்காருகிறேன். ஞாயிறு காலை கிளப் ஹவுஸில் ஒரு மேஜை போட்டுக் கொடுத்தால் போதும்.

நிகழ்ச்சி முடிந்ததும் அவர்களும் நம்மோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பின்னால் பார்சல் கட்டிக் கொடுத்து அனுப்பும் வேலை வேண்டாம்.

குழுவில் பாடத் தெரிந்த பெண் பிள்ளை யாராவது இருந்தால், முதல் பாட்டை அந்தப் பிள்ளையே பாடட்டும். இசைவாணிக்கு மேடை கிடைக்கும்வரை நம்மைப் போன்றவர்கள் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அடுத்த பிள்ளையையாவது நாம் முதலில் கூப்பிடுவோம். தீர்மானமாக எழுதி வைத்திருக்கிறேன், செயலாளரிடம் கொடுக்கிறேன். ஆட்சேபம் இருப்பவர்கள் தயங்காமல் எழுந்து பேசலாம்.