இரவல் கருவியும் சொந்த அறிவும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இருப்புப்பாதை அலுவலகத்தில் பேரேடுகளோடு பழகும் எழுத்தர் யாம். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடை கொடுத்தவர். அத்தகைய எம்மிடம், "செயற்கை நுண்ணறிவும் இளைஞர் பயிற்சியும்" என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தபோது சற்றே திகைத்தோம். ஆயினும் எண்ணிப் பார்க்குங்கால், இப்பொருள் நம் திருவனந்தபுரத்திற்குப் புதியதன்று என்பது விளங்கிற்று. பல நாடுகள் கூடி ஓர் அறிவியலை வளர்ப்பதும், அதில் இளைஞர்களைப் பழக்குவதும் நம் ஊரை அடுத்த தும்பாவில் அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே நிகழ்ந்தவை அன்றோ?

1960-களின் தொடக்கத்தில் தும்பா ஒரு மீனவச் சிற்றூர். புவியின் காந்த நடுக்கோடு அந்நாளில் அவ்வூரை ஒட்டிச் சென்றது. அக்கோட்டின் மேலே, ஏறக்குறைய 110 கிலோமீட்டர் உயரத்தில், வானில் ஒரு மின்னோட்டம் ஓடுகின்றது. அதனை ஆராய வேண்டுமாயின் ராக்கெட்டை அவ்விடத்திலிருந்தே ஏவுதல் நலம். இதனை உணர்ந்த டாக்டர் விக்ரம் சாராபாய் அவர்கள் தும்பாவைத் தேர்ந்தார். ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேரா அவர்களும் அவ்வூர் மக்களும் தங்கள் புனித மரிய மகதலேனா தேவாலயத்தையே விட்டுக் கொடுத்தனர். மீனவக் குடும்பங்கள் பல வேறிடம் பெயர்ந்தன. தேவாலயம் அலுவலகமாயிற்று, ஆயர் இல்லம் பணியிடமாயிற்று. அவ்வாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாகத் திகழ்வதை நம் குழந்தைகள் கண்டிருப்பார்கள்.

1963-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 21-ஆம் நாள் அங்கிருந்து முதல் ராக்கெட் எழுந்தது. அந்த 'நைக்-அப்பாச்சி' ராக்கெட் அமெரிக்க நாட்டினுடையது. அது சுமந்து சென்ற சோடிய ஆவிக் கருவி பிரெஞ்சு நாட்டினர் தந்தது. சோவியத் நாடும் துணை நின்றது. அந்தி வானில் ஆரஞ்சு நிற முகில் ஒன்று படர்ந்தது. அது நகர்ந்த விதத்தைக் கொண்டு மேல்வானக் காற்றின் போக்கை அளந்தனர். பகைமை பாராட்டி நின்ற வல்லரசுகள் இரண்டும் நம் கடற்கரையில் ஒரே அறப்பணிக்குத் தோள் கொடுத்தன என்பது எண்ணி மகிழத்தக்கது. 1968-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள், பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் அந்நிலையத்தை ஐக்கிய நாடுகள் அவைக்கு அர்ப்பணித்தார்.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். அன்று ராக்கெட் இரவல், கருவி இரவல். நமக்கெனச் சொந்தமாக இருந்தவர்கள் இளைஞர்கள் மட்டுமே. சென்னை எம்.ஐ.டி.யில் பயின்ற அப்துல் கலாம், அரவமுதன் முதலிய பொறியாளர்கள் அமெரிக்காவின் வாலப்ஸ் தீவு முதலான இடங்களுக்குச் சென்று சில மாதங்கள் பயின்று திரும்பினர். திரும்பியவர்கள் தாம் கற்றதைப் பிறர்க்குக் கற்பித்தனர். நான்கே ஆண்டுகள் கழித்து, 1967 நவம்பர் 20 அன்று, நாமே செய்த ரோகிணி ராக்கெட் தும்பாவிலிருந்து எழுந்தது. 2007-இல் விண்வெளி அறிவியலுக்கென்றே நம் ஊரில் ஓர் உயர்கல்வி நிறுவனம் தோன்றிற்று. இரவல் கருவி ஒரு நாள் திரும்பிப் போய்விடும். கற்ற அறிவோ தங்கிப் பெருகும். தும்பா நமக்குப் புகட்டும் பாடம் இதுவே.

இனிச் செயற்கை நுண்ணறிவுக்கு வருவோம். இயந்திரத்திற்கு விதிகளை ஒவ்வொன்றாக எழுதித் தராமல், எண்ணிறந்த எடுத்துக்காட்டுகளை அதன் முன் வைத்து, பிழை நேருந்தோறும் தன் உட்கணக்கைத் தானே திருத்திக்கொள்ளச் செய்வதே இக்காலத்தில் பெரிதும் வழங்கும் முறை. இம்முறை பயன் தராது என்று அறிஞர் பலர் கைவிட்டிருந்த காலமும் உண்டு. 2004-ஆம் ஆண்டு கனடாவின் உயராய்வு நிறுவனம் ஒன்று, ஜெஃப்ரி ஹின்டன் என்பாரின் தலைமையில் பல ஊர் அறிஞர்களை ஒரு சிறு குழுவாக இணைத்தது. அவர்கள் ஆண்டுதோறும் கூடினர். கோடைப் பள்ளி நடத்தி மாணவர்களைப் பழக்கினர். அக்குழுவைச் சார்ந்த ஹின்டன், பெஞ்சியோ, லெகுன் ஆகிய மூவர்க்கும் 2018-ஆம் ஆண்டிற்கான டூரிங் பரிசு கிடைத்தது. 2024-இல் ஹின்டன் இயற்பியலுக்கான நோபெல் பரிசையும் பகிர்ந்து பெற்றார்.

செல்வர் நாடுகளுக்கே இது இயலும் என்று எண்ண வேண்டா. ஆப்பிரிக்க இளைஞர்கள் 2017-இல் ஜோகன்னஸ்பர்க் நகரில் கூடி, 'டீப் லேர்னிங் இண்டாபா' என்னும் பயிற்சிக் கூட்டத்தைத் தொடங்கினர். தங்கள் தாய்மொழிகளை இயந்திரம் அறிய வேண்டும் என்று 'மசாக்கானே' என்னும் கூட்டமைப்பினர் உழைக்கின்றனர். நம் சென்னை ஐ.ஐ.டி.யிலும் 'ஏஐ ஃபார் பாரத்' குழுவினர் தமிழ் உள்ளிட்ட 22 இந்திய மொழிகளுக்காக இத்தகைய பணியைச் செய்து வருகின்றனர். முன்னமே, கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்ற ராஜ் ரெட்டி அவர்கள், இயந்திரம் மனிதர் பேச்சை உணரும் துறையில் உழைத்து, 1994-இல் டூரிங் பரிசைப் பகிர்ந்து பெற்றார் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

எம் தொழிலிலிருந்து ஓர் உவமை கூறுவோம். ஒரு வட்டாரத்தின் வண்டி மற்றொரு வட்டாரத்தில் ஓட வேண்டுமாயின் தண்டவாளத்தின் அகலம் ஒத்திருக்க வேண்டும். பெட்டிகளை இணைக்கும் கொக்கி ஒத்திருக்க வேண்டும். நாடுகள் கூடிச் செய்யும் ஆராய்ச்சியும் அவ்வாறே. அளவைகள் பொதுவாதல் வேண்டும். கண்டறிந்தவை பகிரப்படல் வேண்டும். ஆனால் பாதை எவ்வளவு நீண்டிருந்தாலும் என்ன? நம் நிலையத்தில் ஏறுவார் இல்லையெனில் வண்டி நமக்காக நில்லாது.

ஏறவிடாமல் தடுத்த குற்றம் எம்மையும் சாரும். அதனை இவ்வவையில் மறைக்க விரும்பவில்லை. கணிதம் பயின்ற எம் மகளை, வேற்றூர் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று இரு திங்கள் கோடைப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்தது. பெண்பிள்ளை தனித்துப் போவதா, வங்கித் தேர்வுக்குப் படித்தால் ஆகாதா என்றெண்ணி, அக்கடிதத்தை மேசை இழுப்பறையிலேயே வைத்திருந்தோம். ஒப்புதல் தர வேண்டிய நாள் கடந்துவிட்டது. மகள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மௌனம் எமக்குப் பெருந்தண்டனையாயிற்று.

தும்பாவில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எம் அண்டை வீட்டார். செய்தியறிந்து அவர் வினவினார்: "எனக்குத் தொழில் கற்றுத் தந்தவர் தாம் போய்க் கற்று வந்தவர், தம்பி. போகாதவரிடம் கற்க என்ன இருக்கிறது?" எம்மால் விடை கூற இயலவில்லை. மறு ஆண்டு மகள் மீண்டும் விண்ணப்பித்தாள். யாமே உடன் சென்று விட்டு வந்தோம். ஓராண்டை அவள் இழந்தது இழந்ததுதான்.

அங்கே இயந்திரத்திற்குத் தமிழ்ப் பேச்சைப் பழக்கும் பணியில் அவளும் பங்கு கொண்டாள். திரும்பி வந்ததும் கூறினாள்: "அப்பா, நம் வீட்டில் பேசும் தமிழை அந்த இயந்திரம் பாதிதான் புரிந்துகொள்கிறது." நாஞ்சில் நாட்டுச் சொல்லும் மலையாளச் சாயலும் கலந்த நம் பேச்சை அதற்கு யார் கற்பிப்பார்? நாமேயன்றோ? நம் குழந்தைகளுள் பலர் தமிழ் பேசுகின்றனர். ஆனால் ஒரு கடிதம் எழுத இயலாது நிற்கின்றனர். எழுதப்படாத மொழியை இயந்திரம் எங்கிருந்து கற்கும்?

ஆதலின் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். ஒன்று, ஞாயிறுதோறும் நடைபெறும் தமிழ் வகுப்பில் எழுத்துப் பயிற்சிக்கு முதலிடம் தருக. இரண்டு, வெளியூர்ப் பயிற்சிக்குத் தேர்வாகும் நம் பிள்ளைகளுக்கென வழிச்செலவு நிதி ஒன்று தொடங்குக. எம் பங்காக ஒரு திங்கள் ஊதியத்தில் பத்தில் ஒரு பாகத்தை இன்றே அளிக்கின்றோம். மூன்று, பயின்று திரும்புவோர் இம்மன்றத்தில் இளையோர்க்குக் கற்பித்தலைக் கடமையாகக் கொள்க. எம் மகள் அதனைத் தொடங்கிவிட்டாள். இப்போது ஏழு குழந்தைகள் அவளிடம் கணிதம் பயில்கின்றனர்.

பெற்றோர்களே! உங்கள் இல்லத்திலும் ஒரு கடிதம் வரலாம். அதனை இழுப்பறையில் வைத்துவிடாதீர்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!