கிராஃபிக்ஸ் கார்டு வோல்டேஜ்: கூட்டுவதா, குறைப்பதா?

(காலாண்டுக் கூட்டத்துக்குப் பின் சமூகக் கூடத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தண்ணீர் லாரியும் பார்க்கிங்கும் பேசி முடித்த பிறகும் எழுந்து போகாமல் இருக்கிறீர்களே, அதற்கே முதல் நன்றி. பின்வரிசைப் பிள்ளைகள் ஓவர்கிளாக் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். முன்வரிசைப் பெற்றோருக்கு கரண்ட் பில் கவலை. இரண்டும் ஒரே விஷயம்தான்.

வோல்டேஜ் என்றதும் "ஸ்டெபிலைசர் வாங்கணுமா சார்?" என்று சிலர் கேட்டீர்கள். அது வேறு. சுவரில் வரும் 230 வோல்ட்டை கேபினெட்டில் உள்ள எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட்டாக மாற்றுகிறது. கார்டின் மீதே இருக்கும் விஆர்எம் என்ற சுற்று அதை ஏறத்தாழ 1 வோல்ட்டுக்கு இறக்கி சிப்புக்குக் கொடுக்கிறது. சிப் 200 வாட் எடுத்தால் அங்கே ஓடுவது சுமார் 200 ஆம்பியர். ஒரே சிப் உள்ள இரண்டு கார்டில் ஒன்று விலை கூட என்றால், கூடுதல் காசு பெரும்பாலும் இந்த விஆர்எம்முக்கும் பெரிய ஹீட்சிங்க்குக்கும் மினுமினு விளக்குகளுக்கும்தான்.

இதில் ஒரு கணக்கை மட்டும் மனதில் வையுங்கள். வேகம் கூடினால் மின்சாரம் அதே விகிதத்தில் கூடும். வோல்டேஜ் கூடினாலோ அதன் இருமடிக்குக் கூடும். 1.05 வோல்ட்டில் ஓடும் சிப்பை அதே வேகத்தில் 0.875 வோல்ட்டில் ஓட்ட முடிந்தால், அதன் மின்செலவு ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். கூட்டினால் என்ன ஆகும் என்பதை நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஒரு காலத்தில் வோல்டேஜை இஷ்டத்துக்கு ஏற்றலாம். 2012-இல் ஜிடிஎக்ஸ் 680 வந்தபோது என்விடியா 'ஜிபியு பூஸ்ட்' கொண்டுவந்தது. வெப்பமும் மின்வரம்பும் பார்த்து கார்டே வேகத்தை ஏற்றி இறக்கிக்கொள்ளும். கூடவே வோல்டேஜுக்குக் கடிவாளம் விழுந்தது. வெளியிலிருந்து வோல்டேஜ் ஏற்ற ஈவிஜிஏ நிறுவனம் தன் கார்டில் வைத்திருந்த 'ஈவிபாட்' இணைப்பும் அந்த ஆண்டே நீக்கப்பட்டது. ஆக, 'ஓசி எடிஷன்' என்று அட்டையில் அச்சிட்டிருப்பதற்காகப் பல ஆயிரம் கூடக் கொடுக்காதீர்கள். நீங்கள் தொட முடிந்த இடத்தை கார்டே தொட்டுவிடுகிறது.

நம் பிள்ளைகள் அதிகம் விசாரிக்கும் மூன்று கார்டுகளைப் பார்ப்போம்.

பழைய விலைக்குக் கிடைக்கும் ஆர்டிஎக்ஸ் 3080. மின்வரம்பு 320 வாட். தாராளமாக வோல்டேஜ் ஊட்டி அனுப்பப்பட்ட கார்டு இது. அதனால் குறைப்பதற்கு நிறைய இடம் உண்டு. 0.85 வோல்ட் பக்கம் 1800 மெகாஹெர்ட்ஸ் வைத்து ஓட்டுபவர்கள் பலர். நிறுவனம் அறிவித்த பூஸ்ட் வேகமே 1710தான் என்பதைக் கவனியுங்கள். மின்செலவு 250 வாட் பக்கம் வந்துவிடும். ஆட்டத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

ஆர்டிஎக்ஸ் 4070, 200 வாட். பிறவியிலேயே சிக்கனக்காரர். பல மாடல்களில் ஒரே ஒரு எட்டு பின் கேபிள்தான். அது 150 வாட், மதர்போர்டு ஸ்லாட் 75 வாட், ஆக 225. ஏற்றவும் இடமில்லை, இறக்க அவசியமும் அதிகமில்லை. நம் ஊர் வெயிலுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7800 எக்ஸ்டி, 263 வாட். வோல்டேஜ் மாற்றும் வசதி அவர்களுடைய அட்ரினலின் மென்பொருளிலேயே இருக்கிறது. ஆனால் ஒரு சூட்சுமம்: வோல்டேஜை மட்டும் குறைத்தால், மிச்சமான மின்சாரத்தை எடுத்துக்கொண்டு கார்டு இன்னும் வேகமாக ஓடும். வேகம் கிடைக்கும், சூடு குறையாது. சூடு குறைய வேண்டுமானால் உச்ச வேகத்தையும் சேர்த்துக் கட்டுப்படுத்த வேண்டும்.

என்விடியா கார்டுக்கு எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போதும். எந்த நிறுவனத்தின் கார்டானாலும் வேலை செய்யும். கன்ட்ரோலும் எஃப்பும் சேர்த்து அழுத்தினால் வோல்டேஜ்–வேக வளைகோடு திறக்கும். நீங்கள் விரும்பும் வோல்டேஜில் உள்ள புள்ளியை வேண்டிய வேகத்துக்கு உயர்த்தி, அதற்கு வலப்பக்கம் உள்ளவற்றை அதே மட்டத்தில் சமமாக்குங்கள். ஒரு மணி நேரம் கனமான விளையாட்டை ஓட்டிப் பாருங்கள். திரை உறைந்தால் 15 மெகாஹெர்ட்ஸ் இறக்குங்கள். ஒரே மாடலில் இரண்டு கார்டு ஒரே மாதிரி இருக்காது. பக்கத்து பிளாட் பையனின் எண்ணைக் காப்பியடிக்க வேண்டாம். நிலையாக ஓடுகிறது என்று உறுதியாகும்வரை, விண்டோஸ் தொடங்கும்போதே அமைப்பு ஏறும்படி டிக் செய்யாதீர்கள். அப்போதுதான் தப்பானாலும் ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி ஆகிவிடும். பயாஸை மாற்றி எழுதும் வேலைக்கு மட்டும் போகாதீர்கள். வாரன்டியும் போகும், சில நேரம் கார்டும் போகும்.

3080-இல் மெமரியை ஏற்றும்போது இன்னொன்று. அதிலுள்ள ஜிடிடிஆர்6எக்ஸ் பிழை வந்தால் உடனே நின்றுவிடாது, தகவலைத் திரும்ப அனுப்பும். எண் ஏறும், ஆட்டம் மந்தமாகும். எனவே எண்ணைப் பார்க்காமல் எஃப்பிஎஸ்ஸைப் பாருங்கள்.

பெற்றோருக்கு வருகிறேன். 320 வாட் கார்டு தினம் நாலு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால், 60 நாளில் சுமார் 77 யூனிட். மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு இலவசமாகத் தரும் 100 யூனிட்டில் முக்கால் பங்கு. 250 வாட்டுக்கு இறக்கினால் மிச்சம் 17 யூனிட்தான், பெரிய தொகையில்லை. ஆனால் மே மாதத்தில் பத்துக்குப் பத்து அறையில் 70 வாட் சூடு குறைவது உடம்புக்குத் தெரியும், ஏசிக்கும் தெரியும்.

இன்வெர்ட்டரில் கேமிங் கணினியை இணைத்திருப்பவர்கள் ஓவர்கிளாக் பக்கமே போக வேண்டாம். கார்டு, சிபியு, மானிட்டர், ஃபேன் எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, உங்கள் இன்வெர்ட்டரின் வாட் அளவோடு ஒப்பிடுங்கள்.

அடுத்து யோகா வகுப்புக்கு இந்தக் கூடம் வேண்டுமாம். கேள்விகளை வெளியே படிக்கட்டுப் பக்கம் வைத்துக்கொள்ளலாம்.