ஆறு மாதம், ஒரு நாளும் தவறாமல்

(மயூர் விஹாரில் தமிழ் மக்களுக்காக ஆற்றிய உரை)



தில்லியில் மயூர் விஹாரிலும் பக்கத்தில் திரிலோக்புரியிலும் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு பிழைப்பு. ஆனால் பொங்கல் வந்தால் எல்லாருக்கும் ஊர் நினைவு வந்துவிடும். ஊர்ப் பயணத்துக்கும் காசநோய்க்கும் ஒரு தொடர்பு உண்டு. அதைத்தான் இன்று சொல்லப் போகிறோம்.

காசநோயை எலும்புருக்கி என்றும் சயரோகம் என்றும் சொல்வார்கள். இது பாவத்தால் வருவதல்ல. சாபமும் அல்ல. இது ஒரு கிருமியால் வருகிறது. ஜெர்மனி நாட்டு மருத்துவர் ராபர்ட் காக் 1882-இல் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். நோயாளி இருமும்போது கிருமி காற்றில் பரவுகிறது. காற்றோட்டம் இல்லாத அறையில் எளிதாகத் தொற்றுகிறது. தட்டு, டம்ளர், துணிமணி மூலம் பரவாது.

முன்பு இதற்கு மருந்தே இல்லை. நோயாளியை ஊருக்கு வெளியே சானடோரியத்தில் வைப்பார்கள். சென்னையில் 'தாம்பரம் சானடோரியம்' என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறதே, அந்தப் பெயர் இப்படி வந்ததுதான். நல்ல காற்று, நல்ல உணவு, ஓய்வு. அவ்வளவுதான் வைத்தியம். ஏழைகள் பலருக்கு அங்கே படுக்கை கிடைக்காது.

பிறகு மருந்துகள் வந்தன. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அங்கே மருத்துவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். ஏழை நோயாளி வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டால் குணமாகுமா?

நகரத்து ஏழை நோயாளிகள் சுமார் 190 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் தங்கினார்கள். மற்றவர்கள் தங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். அவர்களுக்குச் சத்தான உணவு இல்லை. ஓய்வும் குறைவு. வீட்டில் இடமும் நெருக்கடி. இரண்டு பிரிவினருக்கும் ஓராண்டு ஒரே மருந்து. 1959-இல் முடிவு வெளியானது. இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தார்கள். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகப் பரவவும் இல்லை. உலகம் முழுவதும் வைத்தியமுறை மாறியது. அதற்கு வழி காட்டியவர்கள் சென்னையின் ஏழை மக்கள்.

இன்று ஓராண்டு வேண்டாம். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் போதும். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள். அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள். எல்லாம் சேர்ந்த மாத்திரையாகவே கிடைக்கிறது. அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். மாத்திரை சாப்பிடும்போது சிறுநீர் சிவப்பாகப் போகும். பயப்பட வேண்டாம். ஆனால் கண் மஞ்சளானாலோ, ஓயாமல் வாந்தி வந்தாலோ, உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இங்கேதான் ஆபத்து இருக்கிறது. சில வாரங்களில் இருமல் நிற்கும். பசி எடுக்கும். உடம்பு தேறும். "நோய் போய்விட்டது" என்று தோன்றும். ஆனால் போகவில்லை. களை பிடுங்கும்போது வேரை விட்டால் என்ன ஆகும்? மீண்டும் முளைக்கும். மருந்தை நடுவில் நிறுத்தினால் மிஞ்சிய கிருமி பெருகும். பிறகு அந்த மருந்துக்கே அது அடங்காமல் போகலாம்.

அடங்காத காசநோய்க்கு முன்பு ஒன்றரை, இரண்டு ஆண்டு மருந்து சாப்பிட வேண்டும். ஊசியும் உண்டு. அந்த ஊசியால் சிலருக்குக் காது கேளாமல் போனது. 2024 செப்டம்பரில் இந்திய அரசு புதிய முறை ஒன்றுக்கு அனுமதி தந்தது. நான்கு மருந்துகள், எல்லாம் மாத்திரைகள், ஆறு மாதம். யாருக்கு இது ஏற்றது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். பரிசோதனையும் மாறிவிட்டது. சளியைக் கருவியில் வைத்தால் சுமார் இரண்டு மணி நேரத்தில் கிருமி இருப்பது தெரியும். முக்கியமான மருந்துக்கு அது அடங்குமா என்பதும் தெரியும்.

உணவும் மருந்து போலத்தான். ஜார்க்கண்டில் நோயாளி வீடுகளுக்கு அரிசி, பருப்பு கொடுத்து ஆராய்ந்தார்கள். 2023-இல் முடிவு வந்தது. சத்துணவு கிடைத்த குடும்பத்தாரிடம் புதிதாக நோய் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. சிகிச்சை பெறுவோருக்கு உணவுக்காக அரசு மாதம் 1000 ரூபாய் தருகிறது. 2024 நவம்பர் வரை அது 500 ரூபாயாக இருந்தது.

இனி ஊர்ப் பயணத்துக்கு வருவோம். ஒருவருக்கு மருந்து தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. ஊருக்குப் புறப்படுகிறார். "திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று மாத்திரையை விட்டுவிடுகிறார். இது கூடாது. புறப்படும் முன் மருந்து தரும் இடத்தில் சொல்லுங்கள். போய் வரும் நாட்களுக்கு மாத்திரை கேளுங்கள். அதிக நாள் தங்குவதானால் ஊரிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் பதிவை மாற்றித் தருவார்கள். கட்டணமில்லாத தொலைபேசி எண் 1800 11 6666.

இன்னொன்று. பெண்ணுக்கு நோய் வந்தால் கல்யாணம் தடைபடும் என்று மறைக்கிறார்கள். மருமகளுக்கு வந்தால் தாய் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மறைத்தால் நோய் முற்றும், வீட்டிலும் பரவும். மருந்து சாப்பிட்டால் பெண் குணமாவாள். கல்யாணமும் நடக்கும், குழந்தையும் பிறக்கும்.

நினைவில் வையுங்கள்:

இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? சளியைப் பரிசோதியுங்கள். மயூர் விஹார் பக்கம் கிச்சடிப்பூரில் லால் பகதூர் சாஸ்திரி அரசு மருத்துவமனை இருக்கிறது.

இருமும்போது வாயை மூடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

உடம்பு தேறினாலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். மருத்துவர் சொன்ன பிறகே நிறுத்துங்கள்.

இதைப் படித்தவர்கள் படிக்காதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.